கியர் நறநறக்கிறதா? லீவரை விடுங்கள், பெல்ட்டைப் பாருங்கள்

என் யுடிலிட்டி வண்டியில் கியர் லீவரை நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளினால் நறநறவென்று சத்தம். ஹைக்கு, அதாவது வேகமாக ஓட்டும் கியருக்கு, தள்ளினால் வண்டியே ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் கியர் விழும். லீவர் செட்டிங் தப்பிவிட்டது என்று நானே முடிவுகட்டி, மூன்று நாள் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கியர் கேபிளின் நட்டுகளைத் திருகினேன். அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். நான்காம் நாள்தான் உறைத்தது. அதற்கு முந்தின வாரம் பெல்ட் மாற்றியிருந்தேன், சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கேபிள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நன்றாக இருந்த கேபிளை நான்தான் கெடுத்து வைத்திருந்தேன்.

சுமை ஏற்றும் யுடிலிட்டி வண்டிகளில், குறிப்பாகப் பெல்ட் கிளட்ச் உள்ளவற்றில், புதிதாகக் கை வைப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்), பெல்ட், கிளட்ச், கடைசியில் கியர் லீவர் இணைப்பு என்று போக வேண்டும். கைக்கு எட்டுவது லீவர் என்பதால் எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு புல்லிகள், நடுவில் ஒரு பெல்ட். ஒரு புல்லி இன்ஜினின் கிராங்க் தண்டில் இருக்கிறது, மற்றது கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டில். முதலாவதை முன் கிளட்ச் என்றும் இரண்டாவதைப் பின் கிளட்ச் என்றும் சொல்லிக்கொள்வோம். ஒவ்வொன்றும் சரிவான முகம் கொண்ட இரண்டு தட்டுகள், அவற்றில் ஒன்று நகரும். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் தண்டை நோக்கி இறங்கும்.

இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது முன் கிளட்ச்சின் தட்டுகள் விலகியிருக்கும். பெல்ட் இடையில் தொளதொளவென்று கிடக்கும், எதையும் பிடிக்காது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் முன் கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைக்கட்டிகள் சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்து, ஸ்பிரிங்கை மீறி, நகரும் தட்டை உள்ளே தள்ளும். தட்டுகள் பெல்ட்டைக் கவ்வும், வண்டி நகரும். இன்னும் வேகம் கூடினால் பெல்ட் முன் கிளட்ச்சில் மேலே ஏறி, பின் கிளட்ச்சில் கீழே இறங்கும். தொடக்கத்தில் இன்ஜின் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றினால்தான் பின் கிளட்ச் ஒரு சுற்றுச் சுற்றும். முழு வேகத்தில் அது தலைகீழாகி, பின் கிளட்ச் இன்ஜினை விட வேகமாகச் சுற்றும். டாஃப் நிறுவனம் 1958-இல் இதே தத்துவத்தை ஒரு சிறிய காரில் கொண்டுவந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் இதுதான். என்ன, ஸ்கூட்டரில் பிடித்து விடும் வேலையைப் பின்பக்கத்தில் இருக்கும் தனிக் கிளட்ச் செய்கிறது. இங்கே அந்த வேலையையும் முன் கிளட்ச்சே செய்கிறது.

இப்போது கியர்பாக்ஸுக்கு வருவோம். ஹை, லோ, ரிவர்ஸ் ஆகியவற்றை மாற்றும்போது உள்ளே பல் வைத்த வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார வேண்டும். காரில் இருப்பது போல வேகத்தைச் சமன் செய்து கொடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இங்கே கிடையாது. ஆகவே உள்ளீட்டுத் தண்டு நின்றிருந்தால்தான் பற்கள் அமைதியாகச் சேரும். ஐட்லிங்கில் பெல்ட் லேசாக இழுத்துக்கொண்டிருந்தாலும் போதும், தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், பல் பல்லை அரைக்கும். நான் கேட்ட நறநற அதுதான்.

சில வண்டிகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாக இருக்கும். எண்ணெயில் மூழ்கிய தனிக் கிளட்ச் ஒன்று இன்ஜினுக்கும் முன் புல்லிக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும். உங்களுடையது அந்த வகையானால் கீழே பெல்ட் தொய்வு பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள். மற்றவை பொருந்தும்.

முதல் சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டு

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழியுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு லீவரை எல்லா இடங்களுக்கும் மெதுவாகக் கொண்டுபோங்கள். சில இடங்களில் பல்லின் நுனியில் நுனி முட்டி நிற்கும். அப்போது பலம் காட்டாமல், ஒருவரை வைத்து வண்டியை அரையங்குலம் முன்னும் பின்னும் அசைத்தால் உள்ளே விழுந்துவிடும்.

இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் ஒழுங்காக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் சண்டை போட்டால், கோளாறு ஐட்லிங்கிலோ பெல்ட்டிலோ கிளட்ச்சிலோ இருக்கிறது. இணைப்பைத் தொடாதீர்கள். இன்ஜின் நின்றிருக்கும்போதே லீவர் கனமாக இருந்தால், அல்லது ஒரு கியர் மட்டும் கடைசிவரை போய் உட்காராவிட்டால், இணைப்பைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் எனக்கு மூன்று சாயங்காலம் மிஞ்சியிருக்கும்.

சரிவில் நிறுத்திய வண்டியில் பார்க்கிலிருந்து லீவரை எடுக்க முடியவில்லை என்பதைக் கோளாறாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டியின் முழு எடையும் பார்க் கொக்கியின் மேல் தொங்குகிறது. சரிவில் நிறுத்தும்போது, பார்க்கிங் பிரேக் இருந்தால் முதலில் அதைப் பூட்டி, வண்டியின் எடை அதில் தங்கிய பிறகு பார்க்கில் போட்டால் அந்தத் தொல்லை வராது.

இரண்டாவது: இன்ஜினை ஓடவிட்டு

இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். குளிரில் கிளப்பியதும் ஐட்லிங் கூடுதலாக இருப்பது இயல்பு, அப்போது எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. சூடான பிறகு ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டியைப் பாருங்கள். பல பெட்ரோல் வண்டிகளில் ஐட்லிங் 1,100 முதல் 1,300 வரை நிற்கும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். அதைவிடக் கூடுதலாக நின்றால் எடைக்கட்டிகள் அப்போதே விரியத் தொடங்கிப் பெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கார்பரேட்டர் என்றால் ஐட்லிங் திருகைத் திருகலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் வகை என்றால் ஆக்சிலேட்டர் கேபிள் விறைப்பாக இருக்கிறதா, திராட்டில் வாயில் அழுக்கு படிந்திருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊர்ந்து போகும் சோதனை. முன்னால் திறந்த சமதளம் இருக்கட்டும். ஹையில் போட்டு, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க, பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தானாக ஊர்ந்தால் பெல்ட் இழுக்கிறது.

பிறகு ஆக்சிலேட்டரை முடி அளவு முடி அளவாகக் கூட்டி, வண்டி எந்த ஆர்பிஎம்மில் அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்குக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் முன் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வண்டி மெதுவாகக் கிளம்பாமல் வெடுக்கென்று பாய்ந்தால் பெல்ட் அளவுக்கு மேல் தொய்ந்திருக்கலாம், அல்லது தட்டில் அழுக்கும் பள்ளமும் விழுந்திருக்கலாம்.

மூடியைத் திறக்கும்போது

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சட்டைப் பையில் போடுங்கள். மூடி இல்லாமல் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. நீங்கள் செய்யாதீர்கள். அறுந்த பெல்ட்டின் நார் சாட்டை மாதிரி அடிக்கும். இன்ஜின் அப்போதுதான் ஓடியது என்றால் உள்ளே தொட முடியாத சூடு இருக்கும், ஆறவிடுங்கள்.

மூடியை எடுத்ததும் துடைக்கத் துணியைத் தேடாதீர்கள், முதலில் பாருங்கள். மெல்லிய கருப்புத் தூள் கொஞ்சம் படிந்திருப்பது பெல்ட்டின் வழக்கமான தேய்மானம். குவியலாக இருந்தாலோ, நார் நாராகக் கிடந்தாலோ பெல்ட் முடிந்துவிட்டது. ஈரமாக இருந்தால் ரப்பர் சீல் அல்லது காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிராங்க் தண்டின் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போடுவது வீண் செலவு.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் முதுகில் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். ஓடிப் பழகிய பெல்ட்டைத் திசை மாற்றிப் போடக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியோடு வந்த விரிக்கும் கருவியால் பின் கிளட்ச்சின் தட்டுகளை விரித்தால் பெல்ட் உள்ளே இறங்கித் தளரும். பிறகு தட்டின் விளிம்புக்கு மேலாக அதை உருட்டி எடுத்துவிடலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தட்டின் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் அடுத்த பெல்ட்டைத் தின்னும்.

எடுத்த பெல்ட்டைக் கையில் வளையமாகப் பிடித்து வெளிச்சத்தில் முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள். பக்கச் சுவர்கள் கண்ணாடி போல மினுங்கினால் அது வழுக்கிச் சூடாகியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியது போலக் குறுகியிருந்தால், சக்கரம் சிக்கி நின்ற வண்டியில் யாரோ ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நின்ற பெல்ட்டின் அந்த ஒரு துண்டை முன் கிளட்ச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டது. அந்தப் பெல்ட் இனி சுற்றுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். உள்பக்கப் பற்களின் அடியில் வெடிப்பு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அகலத்தை வெர்னியரால் மூன்று நான்கு இடங்களில் அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

தொய்வை அளப்பது, திருத்துவது

இங்கே பொறுமை வேண்டும். பெல்ட்டை மாட்டியதும் அது பின் கிளட்ச்சில் கீழே புதைந்திருக்கும். அந்த நிலையில் அளந்தால் தொய்வு ஏராளமாக இருப்பதாகத் தோன்றும். பின் கிளட்ச்சைக் கையால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றுங்கள், பெல்ட்டை ஆட்டிக்கொண்டே. அது மெல்ல மேலேறி விளிம்புக்கு வந்து, தட்டுகள் முழுதாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எடுக்கும் அளவுதான் அளவு.

ஒரு நேரான கம்பியையோ நீள ஸ்கேலையோ இரண்டு புல்லிகளுக்கும் மேலாகப் பெல்ட்டின் முதுகில் கிடத்துங்கள். நடுவில் பெல்ட்டை விரலால் அழுத்தமாகக் கீழே தள்ளி, கம்பிக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை இன்னொரு ஸ்கேலால் அளக்கவும். பல வண்டிகளில் இது 25 முதல் 32 மி.மீ. அளவில் இருக்கும். வேறு சில வண்டிகளில், பெல்ட்டின் முதுகு பின் கிளட்ச்சின் விளிம்போடு எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று கையேடு சொல்லும். இன்ஜின் பிரேக்கிங் (ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தைக் குறைப்பது) உள்ள வகையில் முன் கிளட்ச்சின் தண்டில் ஒரு திசைப் பேரிங் இருக்கும், அங்கே தொய்வு மிகக் குறைவு. அந்தப் பேரிங் ஒரு திசையில் வழுவழுவென்று சுழன்று, மறு திசையில் பிடிக்கிறதா என்பதுதான் அங்கே சோதனை. சொரசொரப்பாகச் சுழன்றால் அதுவே பெல்ட்டை இழுக்கும்.

திருத்துவதன் தர்க்கம் எளிது. பின் கிளட்ச்சின் தட்டுகள் மூடிய நிலையில் கொஞ்சம் விலகி நின்றால் பெல்ட் உள்ளே இறங்கும், தொய்வு கூடும். நெருங்கி நின்றால் பெல்ட் மேலேறும், தொய்வு குறையும். சில வண்டிகளில் இதைத் தட்டுகளுக்கு இடையிலுள்ள ஷிம் வாஷர்கள் (மெல்லிய உலோக வளையங்கள்) தீர்மானிக்கின்றன: சேர்த்தால் லூஸ், எடுத்தால் டைட். சிலவற்றில் லாக் நட்டோடு ஒரு திருகு இருக்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாதீர்கள். ஒவ்வொரு முறையும் பின் கிளட்ச்சைக் கையால் சுற்றி, பெல்ட்டை மறுபடி மேலேற்றி, அளந்து, அப்புறம் அடுத்த கால் சுற்று.

டைட்டாக வைத்தால் ஊர்தல், நறநற, சூடு. சரி, லூஸாகவே இருக்கட்டும் என்றும் விடக் கூடாது. லூஸான பெல்ட் பின் கிளட்ச்சில் ஆழமாகக் கிடப்பதால் வண்டி கிளம்பும்போதே இழுவை குறைந்திருக்கும், தொடக்கத்தில் பெல்ட் பட்டென்று அடிக்கும். கையேடு ஒரு வரம்பு தந்தால் புதுப் பெல்ட்டுக்கு அதன் நடுவில் வைப்பது என் வழக்கம்.

என் வண்டியில் புதுப் பெல்ட் பழையதை விடச் சற்றே நீளம் குறைவு. தொய்வு 15 மி.மீ.கூட இல்லை. திருகைச் சரிசெய்து கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்ததும் நறநற நின்றது. பெல்ட்டை விற்ற கடையில் அளந்து பார்க்கவில்லை, போட்ட நானும் அளக்கவில்லை.

தட்டுகளின் முகத்தை அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய், கிரீஸ், மெழுகு எதுவும் அங்கே ஆகாது. பெல்ட்டைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்ளவும். புதுப் பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவைத்துப் போட்டால் தயாரிக்கும்போது அச்சு வார்ப்பிலிருந்து ஒட்டிய வழவழப்பு போய்விடும்.

மார்க்கர் கோடு

கிளட்ச் முழுதாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கறுப்பு மார்க்கர் போதும். முன் கிளட்ச்சின் தட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு நேர்கோடு, பின் கிளட்ச்சிலும் அப்படியே. மூடியைப் பூட்டி, வண்டியைப் பாதுகாப்பான நேர்ப்பாதையில் ஓட்டி, வேகம் ஏறும்வரை ஒருமுறை கொண்டுபோய் வாருங்கள். ஆறியதும் திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடமெல்லாம் கோடு அழிந்திருக்கும். முன் கிளட்ச்சில் விளிம்புக்கு அருகில் வரை அழிந்திருந்தால் பெல்ட் முழுதாக ஏறுகிறது. பாதியில் நின்றிருந்தால் எடைக்கட்டிகளோ உருளைகளோ தேய்ந்திருக்கலாம், நகரும் தட்டின் புஷ் (தண்டின் மேல் சறுக்கும் வளையம்) இறுகியிருக்கலாம், பின் கிளட்ச் ஸ்பிரிங் தவறானதாக இருக்கலாம்.

அதற்கு மேல் முன் கிளட்ச்சைப் பிரிக்கும் வேலையைப் புதியவர்கள் ஒத்திவைப்பது நல்லது. அதைத் தண்டிலிருந்து இழுக்கத் தனிப் புல்லர் வேண்டும், உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போதுதான் லீவர் இணைப்பு

பெல்ட் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டது, இன்னும் ஒரு கியர் நழுவுகிறது அல்லது முழுதாக விழவில்லை. அப்போது வாருங்கள்.

ஸ்பேனருக்கு முன்னால் கண். கேபிள் எங்காவது சைலன்ஸரில் பட்டு உருகியிருக்கிறதா? நுனியிலுள்ள ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறதா? லீவர் அடியிலுள்ள புஷ் ஆடுகிறதா? இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். மவுண்ட் கிழிந்தால் கியர்பாக்ஸே நகர்கிறது, லீவரோ சட்டத்தில் நிற்கிறது. எத்தனை முறை செட்டிங் வைத்தாலும் ஒரு மேடு ஏறி இறங்கினால் தப்பிவிடும்.

பிறகு இணைப்பைக் கியர்பாக்ஸ் முனையில் பிரித்துவிடுங்கள். இப்போது மேலே லீவரை ஆட்டுங்கள். கனமாக இருந்தால் கோளாறு கேபிளில் அல்லது லீவரில். லீவர் பஞ்சு போல ஆடினால், கியர்பாக்ஸில் இணைப்பு மாட்டியிருந்த சிறிய உலோகக் கையைப் பிடித்து ஆட்டுங்கள். அது கனத்தால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே திருகி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தச் சிறிய கையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்தினால், ஒவ்வொரு கியரிலும் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்காருவது விரலில் தெரியும். ஒவ்வொரு டக்குக்கும் அந்தக் கையின் நுனிக்கு நேராகப் பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இதுதான் உண்மையான அளவு. லீவர் பக்கத்து எழுத்துகளும் டாஷ்போர்டு விளக்கும் இதற்குப் பிறகுதான்.

சிறிய கையை நியூட்ரல் கோட்டில் வைத்து, லீவரையும் நியூட்ரலின் சரிநடுவில் வையுங்கள். வேறு கியரில் வைத்துத்தான் செட் செய்ய வேண்டும் என்று கையேடு சொன்னால் அதையே கேளுங்கள். இப்போது இணைப்பைச் சிறிய கையோடு பூட்டும் பின்னை மாட்டிப் பாருங்கள். விரலால் வைத்தாலே துளைக்குள் வழுக்கி இறங்க வேண்டும். தள்ளி நுழைக்க வேண்டியிருந்தால் நீளம் தவறு.

கேபிள் என்றால் அதன் உறையைத் தாங்கும் பிராக்கெட்டின் இருபுறமும் இரண்டு நட்டுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் கேபிள் நகரும். கேபிளுக்குப் பதில் உலோக ராடு என்றால் பல வண்டிகளில் ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி. இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி ராடைச் சுழற்றினால் போதும், நீளம் கூடும் அல்லது குறையும். இடப்புரி லாக் நட்டு எதிர்த்திசையில்தான் தளரும், தெரியாமல் முறுக்கித் தலையைச் சிதைத்தவர்கள் நிறையப் பேர். லாக் நட்டை இறுக்கும்போது இரு முனைப் பந்து மூட்டுகளும் ஒரே கோணத்தில் நிற்கட்டும். இறுக்கிய பிறகு ராடைக் கையால் லேசாகப் புரட்டினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைய வேண்டும், இல்லையென்றால் மூட்டு பிடிக்கிறது.

மாட்டிய பிறகு ஒருவர் மேலே லீவரை ஒவ்வொரு கியராக மாற்ற, நீங்கள் கீழே சாக்பீஸ் கோடுகளைப் பாருங்கள். சிறிய கை ஒவ்வொரு கோட்டுக்கும் துல்லியமாக வந்து நிற்க வேண்டும். ஒரு கோடு எட்டவில்லை என்றால், லீவர் தன் பள்ளத்தின் சுவரில் முட்டிவிட்டதா என்று மேலே இருப்பவரிடம் கேளுங்கள். டக் விழுந்த பிறகும் லீவருக்கும் சுவருக்கும் நடுவே சின்ன இடைவெளி மிஞ்ச வேண்டும், இரு முனைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில். ஒரு முனையில் இடைவெளி, மறு முனையில் முட்டல் என்றால், முட்டும் பக்கத்தில் இடைவெளி கிடைக்கும் திசையில் அரைச் சுற்று. முட்டும் பக்கத்துக் கியர்தான் ஓட்டும்போது நழுவும். பாதி மட்டும் கவ்விய பற்கள் சுமையில் வெளியே தள்ளப்பட்டு, முனை உருண்டுபோகும். அதற்குப் பிறகு எந்தச் செட்டிங்கும் அந்தக் கியரைக் காப்பாற்றாது.

ஓட்டிப் பார்த்தல்

பின்பக்கத்தைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். நான்கு சக்கர இழுவையை அணைத்துவிடுங்கள். இன்ஜின் நின்றிருக்க, நியூட்ரலில் சக்கரம் கையால் தாராளமாகச் சுழல வேண்டும், பார்க்கில் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கீழே இறக்கி, மூடியும் சீலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, இன்ஜினைக் கிளப்பி முதலில் செய்த ஊர்தல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிரேக்கை மிதித்து, வண்டி முழுதாக நின்று, இன்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கிய பிறகு ஒரு மூச்சு விட்டு, லீவரை ஒரே அசைவில் தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தள்ளினாலும் பல் உரசும்.

புதுப் பெல்ட் என்றால் முதல் 50 கி.மீ. சுமை ஏற்றாமல், ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், ஒரே வேகத்தில் வைத்திருக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இழுவை வேலைக்கும், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் ஊர்ந்தே போகும் வேலைக்கும் லோ கியர்தான். ஹையில் ஊர்ந்தால் பெல்ட் பாதி கவ்வியும் பாதி வழுக்கியும் சூடாகும். அந்த 50 கி.மீ. முடிந்ததும் மூடியைத் திறந்து தொய்வை இன்னொரு முறை அளந்து, தேதியோடு மூடியின் உள்பக்கத்திலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். என் வண்டி மூடியில் இப்போது ஐந்து எண்கள் இருக்கின்றன.